பழனி நடை: திருவேடகம் சுற்றிப் போகலாமா? பள்ளபட்டி பிரிவில் எந்தப் பக்கம்?

கோரிப்பாளையம்_மாப்பிள்ளை
வரும் தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு நடக்கிறோம். ஆறு பேர். நான், மனைவி, மச்சான், காலேஜ் படிக்கும் பையன்கள் இரண்டு பேர், எங்கள் அத்தை. அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. வேண்டுதலே அவருடையதுதான், நாங்கள் துணைக்குப் போகிறோம். பைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் கூட வரும்.

வழக்கமான வழி தெரியும். ஆரப்பாளையம், விளாங்குடி, பரவை, சமயநல்லூர், அங்கே நான்குவழிச் சாலையைப் பிடித்து வாடிப்பட்டி, கொடைரோடு, சின்னாளபட்டி, திண்டுக்கல். அப்புறம் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, பழனி. ஏறக்குறைய 120 கிலோமீட்டர். சிக்கல் என்னவென்றால் வீட்டில் ஆளுக்கொரு கிளைவழி சொல்கிறார்கள்.

அத்தைக்குத் திருவேடகம் பார்க்க வேண்டும். வைகைக் கரையோடு போய், சோழவந்தான் வழியாக வாடிப்பட்டியில் ஏறலாம் என்கிறார். மச்சான் திண்டுக்கல்லே வேண்டாம், வாடிப்பட்டி தாண்டி வரும் பள்ளபட்டி பிரிவில் இடது பக்கம் திரும்பி நிலக்கோட்டை, செம்பட்டி, கன்னிவாடி என்று போகலாம் என்கிறார். பையன்களுக்கு அழகர்கோவில் போய்ப் பழமுதிர்சோலை கும்பிட்டுவிட்டு நத்தம் வழியாக நடக்க ஆசை. ஒரே நடையில் இரண்டு படைவீடு என்று கணக்கு. சின்னவன் இதோடு விருப்பாச்சி அருவியையும் சேர்த்திருக்கிறான்.

ஐந்து நாள் ஒதுக்கலாம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது? நடந்தவர்கள் சொல்லுங்கள்.

வெறுங்கால்
பழனிக்கு வேண்டியிருந்தால் பழனிக்கு நடங்கள். வழியில் எதிர்ப்படும் கோயிலைக் கும்பிட்டுக்கொண்டே போகலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடையை வளைத்துக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தால் அது டூர். காரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே.

தென்கரை
வெறுங்கால் அண்ணே, திருவேடகத்தை எப்படி டூர் என்பீர்கள்? பாடல் பெற்ற தலம். மதுரையில் நடந்த புனல்வாதத்தில் சம்பந்தர் விட்ட ஏடு வைகையை எதிர்த்துப் போய்க் கரை சேர்ந்த இடம். பாண்டியனின் மந்திரி குலச்சிறையார் குதிரையில் ஏறி அந்த ஏட்டின் பின்னாலேயே போனதாகச் சொல்வார்கள். அவரும் மதுரையிலிருந்து மேற்கே போனவர்தான், நாமும் அதே திசையில்தான் போகிறோம்.

கேட்டவருக்கு: இந்த வழி நல்ல வழி. கோச்சடை, துவரிமான், மேலக்கால் வரை தென்கரையில் நடந்து, மேலக்கால் பாலத்தில் ஆற்றைக் கடந்தால் திருவேடகம். ஏடகநாதரையும் ஏலவார்குழலி அம்மனையும் கும்பிட்டுவிட்டு வடகரையோடு சோழவந்தான். முதல் நாள் அங்கே தங்கிவிடலாம். மறுநாள் காலை வாடிப்பட்டி போய் மெயின் ரோட்டில் சேர்ந்துகொள்ளலாம். சமயநல்லூர் வழியைவிட ஐந்தாறு கிலோமீட்டர் கூடும், அதற்கு மேல் இருக்காது. வழி நெடுக தென்னை, வாழை, வெற்றிலைக் கொடிக்கால், வயல். லாரி ஹாரன் கிடையாது.

கோரிப்பாளையம்_மாப்பிள்ளை
நன்றி. ஆற்றங்கரையை ஒட்டியே ஒற்றையடிப் பாதை இருக்கிறதா? அத்தை மனதில் இருப்பது அதுதான். காலையில் ஆற்றில் குளித்துவிட்டு, கரையோடு அப்படியே நடப்பது.

தென்கரை
அந்தக் காட்சியை மட்டும் அத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் சொன்னது தார் ரோடு. ஆறு பக்கத்திலேயே வரும், சில இடத்தில் கண்ணுக்குத் தெரியும், சில இடத்தில் தோப்பு மறைத்துவிடும். கரையிலேயே நடக்கிறேன் என்று இறங்கினால் சீமைக்கருவேல முள்தான், அதுவும் வெறுங்காலோடு. தை மாதம் ஆற்றில் தண்ணீர் இருப்பது வைகை அணையில் திறந்துவிடுவதைப் பொறுத்தது. மதுரைக்குப் பக்கத்தில் ஓடுவது குளிக்கிற தண்ணீரும் இல்லை. வீட்டிலேயே குளித்துவிட்டுக் கிளம்புங்கள்.

தேனூரான்
சமயநல்லூர் வழி வந்தாலும் திருவேடகம் போகலாம். சமயநல்லூரிலிருந்து எங்கள் தேனூர் வழியாக வடகரையிலேயே ரோடு இருக்கிறது. பாலம் கடக்கிற வேலை இல்லை. எங்கள் ஊர் சாதாரண ஊர் இல்லை. அழகர் முன்னே ஆற்றில் இறங்கியது எங்கள் ஊரில்தான். திருமலை நாயக்கர்தான் மதுரைக்கு மாற்றினார். மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கிற மண்டபத்துக்கு இன்றைக்கும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர்.

மேலமாசி
ஆரம்பித்துவிட்டார்கள். எந்தத் தலைப்பில் பேசினாலும் தேனூர்க்காரர்கள் அழகரைக் கொண்டுவந்து எங்கள் ஊர் ஆற்றில் இறக்கிவிடுவார்கள்.

ஆனால் தேனூர் வழியைப் பற்றிச் சொன்னது சரி. பரவை வரை நடைக்கூட்டம் துணைக்கு இருக்கும், அதற்கப்புறம் பிரியலாம். முதல் தடவை நடப்பவர்களுக்குக் கூட்டத்தோடு தொடங்குவது தைரியம். கோச்சடை வழியில் விடியும் முன்னே அத்தனை பேர் நடக்க மாட்டார்கள்.

சின்னாளபட்டி_அக்கா
ஆம்பிளைகள் எல்லாரும் கோயில், கிலோமீட்டர் என்று பேசிக்கொண்டே இருக்கிறீர்கள். நான் நடக்கிறவள் என்பதால் கேட்கிறேன்: இரண்டு பெண்கள் வருகிறார்கள், ஒருவர் அறுபது தாண்டியவர். அவர்கள் எங்கே ஒதுங்குவார்கள்?

நான்குவழிச் சாலையில் பெட்ரோல் பங்க் இருக்கிறது, ஓட்டல் இருக்கிறது, கொடைரோடு சுங்கச்சாவடி இருக்கிறது. பூச நேரத்தில் பந்தல் போட்டு அன்னதானம் போடுகிறவர்களே பக்கத்து வீட்டைக் காட்டி, போயிட்டு வாங்கம்மா என்பார்கள். கிளைவழிகளில் அது குறையும். திருவேடகம், சோழவந்தான் பரவாயில்லை, ஊருக்கு ஊர் நெருக்கம். செம்பட்டி தாண்டிக் கன்னிவாடி பக்கம் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். வேன் கூட வருகிறது என்கிறீர்கள். அந்த வேன் பைக்கு மட்டும் வேண்டாம். பெண்களுக்கு முன்னால் போய் நல்ல இடம் பார்த்து வைக்கிற வேலையும் அதற்குத்தான்.

இன்னொன்று. திண்டுக்கல் வழியில் ரயில் பாதை கூடவே வருகிறது. சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி, கொடைரோடு, அம்பாத்துரை, திண்டுக்கல், அதற்கப்புறம் ஒட்டன்சத்திரம், பழனி என்று ஸ்டேஷன்கள். எல்லா ரயிலும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். யாருக்காவது முட்டி வீங்கிவிட்டால் அங்கிருந்தே ஊர் திரும்பலாம், இல்லை முன்னால் போய்க் காத்திருக்கலாம். நிலக்கோட்டை, செம்பட்டி பக்கம் ரயிலே கிடையாது, பஸ்தான். பூசக் கூட்டத்தில் அந்த பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது.

கோரிப்பாளையம்_மாப்பிள்ளை
அக்கா, இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. மனைவி படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நத்தம்_ரோடு
பையன்கள் சொன்ன வழிக்கு நான் பதில் சொல்கிறேன், நான் அந்தப் பக்கத்து ஆள்.

அழகர்கோவில் மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர். மலை மேலே பழமுதிர்சோலை ஏறி இறங்கினால் அன்றைய நடை அதோடு முடிந்தது. அங்கிருந்து குறுக்கே வந்து நத்தம் ரோட்டைப் பிடிக்க வேண்டும், அப்புறம் நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல். நேரே நத்தம் ரோட்டில் போனாலே வாடிப்பட்டி வழியைவிட நீளம். அழகர்கோவிலையும் சேர்த்தால் முழுசாக ஒரு நாள் கூடும். உங்கள் ஐந்து நாளுக்குள் அடங்காது.

ஆனால் அந்த வழிக்கென்று ஒரு அழகு உண்டு. நத்தத்தில் செட்டிநாட்டுக் கூட்டத்தோடு கலந்துவிடுவீர்கள். நகரத்தார் காவடி குன்றக்குடியில் சேர்ந்து அந்தப் பக்கமாகத்தான் திண்டுக்கல் வரும். பல தலைமுறையாக நடக்கிற நடை. எந்த ஊரில் பூசை, எந்த ஊரில் சாப்பாடு, எங்கே படுக்கை என்று எல்லாம் வரையறையாக இருக்கும். பழனியிலிருந்து திரும்பும்போதும் நடந்தே வருவார்கள். போகும்போதே ஆவி போய்விடுகிறது, இவர்கள் எப்படித் திரும்பி நடக்கிறார்கள் என்று இன்றைக்கும் எனக்கு வியப்பு. வழியில் விலகிப் போனால் திருமலைக்கேணி முருகனையும் கும்பிடலாம்.

பையன்கள் மட்டும் இன்னொரு வருஷம் தனியாகப் போகட்டும். அத்தையோடு வேண்டாம். அப்படியே போனாலும் ஊருக்குள் நத்தம் ரோட்டில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் பாலம், நடக்கிறவர்கள் அதற்குக் கீழே போக வேண்டும்.

வெறுங்கால்
இரண்டு படைவீடு என்று கணக்குப் போடுகிறவர்கள் திருப்பரங்குன்றத்தில் கிளம்பலாமே. முதல் படைவீடு நம்ம ஊரிலேயே இருக்கிறது. அங்கே கும்பிட்டுவிட்டு நடந்தால் ஒன்றிலிருந்து மூன்றுக்கு. வழியும் வளையாது.

கோரிப்பாளையம்_மாப்பிள்ளை
வெறுங்கால் அண்ணே, இது பிரமாதம். பையன்களுக்கும் பிடித்துவிட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் மாலை பஸ்ஸில் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

வெறுங்கால்
பஸ்ஸிலா. சரி, உங்கள் இஷ்டம்.

கிளட்ச்_வயர்
சிறுமலை வழியாகக் குறுக்கே போக முடியாதா? வாடிப்பட்டியிலிருந்து பார்த்தால் மலை பக்கத்திலேயே தெரிகிறது. மேப்பில் பார்த்தால் திண்டுக்கல்லுக்கு நேர் கோடு.

தென்கரை
முடியாது. காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. காட்டுமாடு உண்டு. மேப்பில் நேர் கோடாகத் தெரிவது தரையில் மலை. தயவுசெய்து இந்த யோசனையை இங்கே வளர்க்காதீர்கள், யாராவது நம்பிக் கிளம்பிவிடுவார்கள்.

செம்பட்டி_முக்கு
மச்சான் சொன்ன வழிக்கு வக்காலத்து வாங்க யாரும் இல்லையா? நான் வாங்குகிறேன்.

மதுரையிலிருந்து பழனி போகிற பஸ்களே செம்பட்டி வழிதான் போகும். திண்டுக்கல்லுக்குள் போய்ச் சுற்றி வருவதைவிடச் சில கிலோமீட்டர் மிச்சம். பள்ளபட்டி பிரிவில் நான்குவழிச் சாலையை விட்டு இறங்கின உடனே காதுக்கு ஓய்வு. நிலக்கோட்டைப் பக்கம் பூத்தோட்டம், விடியற்காலையில் மல்லிகை பறித்துக்கொண்டிருப்பார்கள். தையில் பூ குறைச்சல்தான், ஆனாலும் இருக்கும். செம்பட்டி தாண்டினதும் இடது கைப்பக்கம் மேற்கு மலை கூடவே நடந்துவரும். தருமத்துப்பட்டி, கன்னிவாடி, அப்புறம் மூலச்சத்திரத்தில் திண்டுக்கல்லிலிருந்து வருகிற ரோட்டோடு சேர்ந்துவிடலாம். அங்கிருந்து ஒட்டன்சத்திரம் எல்லாருக்கும் பொது வழி. கன்னிவாடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் சோமலிங்கபுரம் சிவன் கோயில் இருக்கிறது, சித்தர்கள் நடமாட்டம் சொல்லுகிற இடம். மனசு அடங்குகிற இடம்.

இந்த வழியிலும் பூச நேரத்தில் நடைக்கூட்டம் வரும். ஆளே இல்லாத காடு என்று நினைத்துவிட வேண்டாம்.

சின்னாளபட்டி_அக்கா
தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் பகலுக்குச் சரி. ராத்திரி? கன்னிவாடி, தருமத்துப்பட்டிப் பக்கம் தோட்டத்துக்குள் யானை இறங்குவது உண்டா இல்லையா, உங்கள் வாயால் சொல்லுங்கள்.

செம்பட்டி_முக்கு
உண்டு அக்கா. மறைக்கவில்லை. மலையடிவாரத் தோட்டங்களுக்கு வரும், மெயின் ரோட்டுக்கு வருவது அபூர்வம். அதனால்தான் கன்னிவாடியில் பொழுது சாய்வதற்கு முன்னே படுத்துவிட வேண்டும் என்பது. சோமலிங்கபுரம் போனாலும் வெளிச்சத்தில் போய் வெளிச்சத்தில் திரும்பிவிட வேண்டும்.

பைபாஸ்_டிரைவர்
நான் வேன் ஓட்டுகிறவன், நடக்கிறவன் இல்லை. வண்டிக்காரன் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை.

நான்குவழிச் சாலையில் விடியற்காலை மூன்றிலிருந்து ஆறு வரை ஓட்டுகிற எங்களுக்கே கண் சொருகும். தை மாதம் வாடிப்பட்டிக்கும் அம்மையநாயக்கனூருக்கும் நடுவில் பனி இறங்கும். அந்த நேரத்தில் பச்சை வேட்டி, காவி வேட்டி எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரிவது ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்றுதான். அதை முதுகிலும் பையிலும் ஒட்டுங்கள், நெஞ்சில் ஒட்டிப் பிரயோஜனமில்லை, நாங்கள் பின்னாலிருந்துதான் வருகிறோம். சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்தில் அதிலேயே போங்கள். இல்லாத இடத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, ஒருத்தர் பின் ஒருத்தராக. நாலு பேர் கோத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும்.

இதை வைத்துப் பார்த்தால் திருவேடகம் சுற்று நல்லதுதான். முதல் நாள் விடியற்காலை நேரத்தை மெயின் ரோட்டில் கழிக்காமல் தப்பிக்கிறீர்கள். ஆனால் ஒன்று. கிளைவழி ரோட்டில் வெளிச்சம் குறைச்சல், ஓரமும் குறுகல். ஸ்டிக்கர் அங்கேயும் வேண்டும்.

வெறுங்கால்
டிரைவர் அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். மத்தியானம் தார் கொதிக்கும்போது வெறுங்காலில் நடக்கிற எல்லாரும் அந்த வெள்ளைக் கோட்டின் மேலேதான் நடப்போம், அங்கேதான் சூடு தெரியாது. வண்டிக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் ஒதுக்கி ஓட்டுவார்கள். அதைவிட நல்லது பத்து மணிக்கெல்லாம் நிழலில் உட்கார்ந்துவிட்டு, மூன்றரைக்கு மேல் எழுந்திருப்பது.

மாப்பிள்ளை, அத்தை செருப்புப் போடுவாரா மாட்டாரா?

கோரிப்பாளையம்_மாப்பிள்ளை
வெறுங்காலில்தான் என்று பிடிவாதம். சர்க்கரை இல்லை, கேட்டுவிட்டேன். முட்டியில் மட்டும் லேசாக வலி.

வெறுங்கால்
அப்படியென்றால் இன்றைக்கே பழக்கத் தொடங்குங்கள். தினம் காலை தெப்பக்குளம் நாலு கரையும் செருப்பில்லாமல் சுற்றி வரட்டும். பழகாத பாதம் வாடிப்பட்டிக்குள்ளேயே கொப்புளம் போட்டுவிடும், அப்புறம் எந்த வழியும் ஒன்றுதான். தொடையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பாதி பேர் நடை கெடுவது தொடை உரசலில்தான்.

மேலமாசி
எனக்கு இதில் ஒரு கருத்து இருக்கிறது. வழியை வீட்டில் உட்கார்ந்து முழுசாக முடிவு பண்ணுகிறோம், அதில்தான் தப்பு. எல்லாக் கிளைவழியும் ஒரே மாதிரி கிடையாது. திருவேடகம் முதல் நாள் வருகிறது, கால் புதுசாக இருக்கும், தெம்பு இருக்கும். ஐந்தாறு கிலோமீட்டர் கூடினாலும் தாங்கும். மீறிப் போனால் சோழவந்தானில் ரயில் ஏறி அரை மணியில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆக அதை இப்போதே முடிவு செய்யலாம்.

பள்ளபட்டி பிரிவு வேறு கதை. அங்கே வரும்போது இரண்டாம் நாள் பாதி நடை முடிந்திருக்கும். யார் கால் எப்படி என்று அங்கே வந்தால்தான் தெரியும். நல்லாயிருந்தால் இடது, செம்பட்டி. யாராவது நொண்டினால் நேரே, திண்டுக்கல். ஆஸ்பத்திரி இருக்கிறது, ரயில் இருக்கிறது, தங்க லாட்ஜ் இருக்கிறது, கோட்டை மாரியம்மனையும் கும்பிட்டதாக ஆச்சு. மதுரையிலிருந்து கிளம்பும்போதே செம்பட்டிதான் என்று சொல்லிவிட்டால், கால் வீங்கினவர்கூட வாயைத் திறக்க மாட்டார். நம்மால் மற்றவர்களுக்குச் சிரமம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். அத்தைமார்கள் அப்படித்தான்.

சின்னாளபட்டி_அக்கா
அப்படித்தான் தம்பி, நூற்றுக்கு நூறு.

செம்பட்டி_முக்கு
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தங்குகிற இடத்துக்கு என்ன செய்வது? பூச நேரத்தில் முன்னாடியே சொல்லி வைக்காமல் கல்யாண மண்டபம் கிடைக்காது.

மேலமாசி
இரண்டாம் நாள் ராத்திரி கொடைரோடு அல்லது நிலக்கோட்டை. இரண்டும் பிரிவிலிருந்து எட்டிப்போகிற தூரம். வேன் இருக்கிறதே, எங்கே இடம் கிடைத்ததோ அங்கே படுத்துவிட்டு, காலையில் எல்லாரையும் விட்ட இடத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டால் வழி விட்டுப்போகாது. நடைக் கணக்கும் கெடாது, வெறுங்கால் அண்ணன் கோபிக்கவும் மாட்டார்.

வெறுங்கால்
விட்ட இடத்தில் இறக்கிவிட்டால் கோபமில்லை.

தேனூரான்
குருவித்துறையை யாருமே சொல்லவில்லையே? சோழவந்தானுக்குப் பக்கம்தான், குரு பகவான் சன்னதி.

தென்கரை
எங்கள் பக்கத்துக் கோயில், பெருமை எனக்கும் உண்டு. ஆனால் இந்த நடையில் சேர்க்க வேண்டாம். ஆற்றுக்குத் தென்கரையில் இருக்கிறது அது. போய்விட்டு அதே வழியில் திரும்ப வேண்டும், ஒரு வேளை நடை அதிலேயே போய்விடும். திருவேடகம் பழனி போகிற திசையில் கிடக்கிறது, அதனால்தான் அதைச் சொன்னேன். சோழவந்தானில் ஜெனகை மாரியம்மனைக் கும்பிடுங்கள், தங்குகிற ஊரிலேயே இருக்கிறாள். காலையில் வெற்றிலைக் கட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். நடக்கிறவர்களுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதைவிட நல்ல செரிமானம் கிடையாது.

கோரிப்பாளையம்_மாப்பிள்ளை
சின்னவன் விருப்பாச்சியை விட மாட்டேன் என்கிறான். வெறும் அருவி இல்லை, கோபால் நாயக்கர் ஊர், வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த இடம் என்று சரித்திரம் பேசுகிறான்.

ஒட்டன்சத்திரம்_மண்டி
பையன் சொல்கிற சரித்திரம் சரி. விருப்பாச்சி ஊர் வழியில்தான் வருகிறது, ஒட்டன்சத்திரத்துக்கும் சத்திரப்பட்டிக்கும் நடுவில். கோபால் நாயக்கர் மணிமண்டபத்தைப் பார்க்கட்டும், நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாம். தலையூத்து அருவிதான் வேண்டாம். உள்ளே தள்ளிப் போக வேண்டும், பாறை வழுக்கும், தையில் தண்ணீரும் எப்படியோ. கடைசி நாளில் அத்தையை ரோட்டோரம் உட்காரவைத்துவிட்டு ஆறு பேரில் இரண்டு பேர் அருவிக்குப் போனால், நடை இரண்டாகப் பிரிந்துவிடும். பழனியிலிருந்து திரும்பும்போது வேனில் வரட்டும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். பாக்கி நாட்களைவிட அது நீளமாகத் தெரியும். மலை ஆயக்குடி தாண்டும் முன்னே கண்ணுக்குத் தெரிந்துவிடும், இதோ வந்துவிட்டது என்று தோன்றும், ஆனால் வந்தபாடில்லை. ஆயக்குடியில் கொய்யா வாங்கிச் சாப்பிடுங்கள், அந்த நேரத்துக்கு அமிர்தம்.

நடைபாதை பற்றி: திண்டுக்கல், பழனி ரோட்டில் நடக்கிறவர்களுக்கென்று ஓரத்தில் கல் பதித்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் விட்டுப்போகாமல் இருக்கிறது என்று நம்பாதீர்கள். சில இடத்தில் கடை உட்கார்ந்திருக்கும், சில இடத்தில் முள் மண்டியிருக்கும். இருக்கிற இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள். அன்னதானத்தில் வாங்கிச் சாப்பிடுகிற தட்டையும் தண்ணீர் பாக்கெட்டையும் தயவுசெய்து தொட்டியில் போடுங்கள். பூசம் முடிந்து ஒரு வாரத்துக்கு எங்கள் ரோட்டைப் பார்க்கச் சகிக்காது.

கிளட்ச்_வயர்
பழனியில் மலைக்கு எந்த வழியில் ஏறுவது? அதுவும் கிளைவழிதானே.

ஒட்டன்சத்திரம்_மண்டி
கேள்வி நல்ல கேள்வி. முதலில் அடிவாரத்தில் திருவாவினன்குடி, மூன்றாம் படைவீடு அதுதான். அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் மலை. படிப்பாதை 693 படி. யானைப்பாதை சரிவாக ஏறும், முட்டி வலிக்கிறவர்களுக்கு அதுதான் தோது. வின்ச் ரயிலும் ரோப் காரும் இருக்கிறது, ஆனால் பூச நேரத்து வரிசையில் நிற்பதற்குள் யானைப்பாதையில் ஏறி இறங்கிவிடலாம். ரோப் கார் பராமரிப்புக்காக நிற்கிற நாளும் உண்டு. கூட்ட நாளில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று பிரித்துவிடுவார்கள், அப்போது போலீஸ் சொல்கிற பக்கம்தான்.

முக்கியமான விஷயம்: 2023 அக்டோபரிலிருந்து மலை மேலே செல்போன் கொண்டுபோகக் கூடாது. அடிவாரத்தில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். ஆறு பேரும் கூட்டத்தில் பிரிந்தால் போன் போட்டுக் கூப்பிட முடியாது. ஏறுவதற்கு முன்னே எங்கே சேர்வது என்று ஓர் இடம் பேசிக்கொள்ளுங்கள். கோயில் வாசல் என்று சொல்லாதீர்கள், அங்கே ஐந்தாயிரம் பேர் நிற்பார்கள். போனை வாங்கின கவுண்டர் என்று வையுங்கள், எப்படியும் எல்லாரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும்.

மலையைச் சுற்றி வருகிற கிரிவீதிக்குள் வேனை விட மாட்டார்கள். அத்தையால் முடியவில்லை என்றால் பேட்டரி கார் கேட்டுப் பாருங்கள்.

சின்னாளபட்டி_அக்கா
பூச நாளன்றே போய்ச் சேர வேண்டும் என்று இருக்கிறதா? இரண்டு மூன்று நாள் முன்னாலேயே போய்விட்டால் என்ன? திருவிழா பத்து நாள் நடக்கிறது. கொடியேறினதுக்கு அப்புறம் எந்த நாள் போனாலும் திருவிழாதான்.

கோரிப்பாளையம்_மாப்பிள்ளை
அத்தையிடம் கேட்டேன் அக்கா. தேர் பார்க்க வேண்டும் என்று அவருக்கு இல்லை, முருகனைப் பார்த்தால் போதும் என்கிறார். பூசத்துக்கு மூன்று நாள் முன்னால் மலை ஏறுகிற மாதிரி கிளம்புகிறோம்.

இதுவரை முடிவானது: முதல் நாள் மாலை திருப்பரங்குன்றம். மறுநாள் காலை பரவை வரை கூட்டத்தோடு, சமயநல்லூரில் பிரிந்து தேனூர், திருவேடகம், சோழவந்தானில் படுக்கை. அப்புறம் வாடிப்பட்டி, பள்ளபட்டி பிரிவு. அங்கே அத்தை காலைப் பார்த்துவிட்டு இடதா நேரா என்று முடிவு. விருப்பாச்சி மணிமண்டபம் உண்டு, அருவி திரும்பும்போது. நத்தம் வழி பையன்களுக்கு அடுத்த வருஷம்.

மச்சானுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். பிரிவில் அத்தையே செம்பட்டி என்று சொல்லிவிட்டால்? வலியை மறைத்துச் சொன்னால்?

மேலமாசி
அவரிடம் கேட்காதீர்கள். முந்தின நாள் ராத்திரி உங்கள் மனைவி வெந்நீரில் உப்புப் போட்டு அத்தை காலைக் கழுவிவிடட்டும். கொப்புளமும் வீக்கமும் கைக்குத் தெரிந்துவிடும்.

பைபாஸ்_டிரைவர்
உங்கள் வேன்காரரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். பள்ளபட்டி பிரிவில் ரோட்டோரம் நிறுத்தக் கூடாது, பின்னால் வருகிற லாரிக்குத் தெரியாது. இடது பக்கம் நிலக்கோட்டை ரோட்டுக்குள் கொஞ்சம் உள்ளே தள்ளி டீக்கடைப் பக்கமாக நிற்கட்டும். நீங்கள் நேரே போவதாக இருந்தாலும் அங்கே நின்று டீ குடித்துவிட்டுப் போகலாம்.